ஜாஸ்தியாக வந்த ஓர் அம்மா

செய்தியைச் சூசையின் மகன்தான் கடலூரிலிருந்து போனில் சொன்னான். "மாமா, அப்பா போயிட்டாரு." எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இதிலும் முந்திக்கொண்டானே என்றுதான் இருந்தது. சூசையைத் தெரிந்த உங்களிடம் மறைத்து என்ன? எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி இந்தக் கடிதத்தை எழுதுகிறாள்.

யுத்தக் காலத்தில், பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பினார்கள். நானும் சூசையும் பக்கத்துப் பக்கத்து வீடு. அவனுடைய அத்தை வந்து எங்கள் இருவரையும் சிதம்பரத்துக்கு ரயிலில் அழைத்துவந்தார். ஸ்டேஷனில் அவன் அம்மா கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை போட்டார். என் அம்மா வரவில்லை; பாத்திரம் துலக்கும் வேலை பார்த்த வீட்டில் அவளை விடவில்லை. வண்டி நகரும்வரை அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவைப் பார்த்தது அன்று காலையோடு சரி.

சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் வருஷந்தோறும் எங்கள் ரயில் பயணத்தை நாடகமாக நடித்துப் படிக்கிறார்கள். பெஞ்சுகள்தான் ரயில். கதை சொல்லக் கடலூரிலிருந்து சூசை பஸ்ஸேறி வருவான். பள்ளிக்குப் பின்தெருவில் இருக்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை; அவன்தான் இழுத்துப்போவான். பொன்னாடை அவனுக்கு, டீயும் பன்னும் எனக்கு. "டீ சூடா இருக்கா மச்சான்?" என்று மேடையிலிருந்தே கேட்பான். பிள்ளைகள் சிரிக்கும்.

அவன் சொல்லிக்கொடுத்த நாடகத்தில் ஸ்டேஷனுக்கு இரண்டு அம்மாக்கள் வந்தார்கள்; இரண்டு பையன்களுக்கும் நெற்றியில் சிலுவை விழுந்தது.

"எங்கம்மா எங்கடா வந்துச்சு? பொய் சொல்றியே."

"ஒரு அம்மா ஜாஸ்தியா வந்துட்டுப் போவட்டும்டா. ரயிலுக்கு என்ன பாரமா?"

அம்மா வந்தவனுக்குத் தாராள மனசு சுலபம். வெகுநாள் அவனோடு பேசவில்லை.

சூசையின் அடக்கம் முடிந்த பிறகு அந்தப் பள்ளியின் ஸ்டெல்லா டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். "இந்த வருஷம் நீங்கதான் சொல்லணும் தாத்தா. நடந்தத நடந்தபடி சொல்லுங்க."

நான் ஆசைப்பட்டிருந்த இடம். உண்மையைச் சொன்னால் சூசை பொய்யனாவான். அந்த நினைப்பு எனக்கு ருசியாகவே இருந்தது.

நாடகத்தன்று பெஞ்சு ரயில் தயார். அம்மா வேஷத்தில் ஒரு சிறுமிதான் நின்றாள், இன்னொருத்திக்குக் காய்ச்சல். "ஒரு அம்மா போதுமா தாத்தா?" என்றார் டீச்சர். சிறுமி ஒரு பையனுக்குச் சிலுவை போட்டாள். நானாக நடித்தவன், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதாது. ரெண்டு பேரும் வந்தாங்க," என்றேன்.

டீச்சரே போய் என் வேஷம் போட்டவன் நெற்றியிலும் சிலுவை போட்டார்.

அன்று எனக்குப் போட்ட பொன்னாடை பெட்டியில் கிடக்கிறது. சூசையிடமிருந்து என்னிடம் மிச்சம் அந்த அம்மாதான். அதிலும் எனக்கு எரிச்சல்: அவளையும் அவன் கொடுத்துத்தான் நான் வாங்கவேண்டியிருந்தது.