அசையாத திரை

கன்னத்தைத் தரையில் வைத்து ஒருக்களித்துப் படுத்தபடி திரைக்கு அடியில் பார்க்கிறாள். ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் போதும், எழுந்து முக்காலி மேல் ஏறி, கம்பியில் வளையத்தைச் சரிசெய்து, துணியை இறக்கிவிட்டு மறுபடி வந்து படுத்துக்கொள்கிறாள்.

"என்னக்கா, எலி பிடிக்கிறியா?" என்று கோப்புகளைச் சுமந்தபடி வருகிறார் நீதிமன்றக் குமாஸ்தா.

"காலு தெரியுதான்னு பாக்குறேன்."

பெயர் சொன்னால் பக்கத்து அறையில்கூட யாருக்கும் தெரியாது. திரையக்கா என்றால்தான் தெரியும். வல்லுறவு வழக்குகள் கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்கப்படும் கூடம் அது. புகார் சொன்னவள் குற்றம் சாட்டப்பட்டவனின் முகத்தைப் பார்க்காமல் பேச வேண்டும் என்பதற்காக நடுவில் ஒரு பச்சைத் திரை. திரை முடிகிற இடத்தில் முக்காலி போட்டு இவள் உட்கார்ந்திருப்பாள். மேடையிலிருக்கும் நீதிபதிக்கு இரண்டு பக்கத்துத் தலைகளும் தெரியும். கூண்டுகளின் மரத்தடுப்புக்குக் கீழே கையும் காலும் என்ன செய்கின்றன என்பது இவளுக்கு மட்டும்தான் தெரியும்.

திரை முதலில் முழங்கால் வரைதான் இருந்தது. ஒரு பெண் பேசிக்கொண்டே தலையைக் குனிந்தாள். திரைக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு, அவளைப் பார்த்து மெல்லத் திரும்பியது. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அன்று சாயங்காலமே திரையக்கா வீட்டிலிருந்த பழைய போர்வையைக் கிழித்து அடியில் ஒட்டுப் போட்டுவிட்டாள். பச்சைத் திரைக்குப் பழுப்பு வால்.

விசாரணை நடக்கும்போது காற்றாடியும் கூடாது. காற்றுப் பட்டால் துணி உப்பும். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கையை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். வக்கீல்கள் வியர்த்து வழிந்தாலும் அவள் மசியமாட்டாள். ஆனால் ஆளில்லாத கூடத்தில், நின்றுபோன காற்றாடிக்குக் கீழே, அந்தத் துணி மெல்ல உள்வாங்கி வெளிவிடுவதைப் பெருக்க வருகிற பெண் பார்த்திருக்கிறாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அக்கா, அது மூச்சு விடுதுக்கா!"

"விடட்டும். எத்தனை பேரு அடக்கி வச்ச மூச்சு" என்றாள் திரையக்கா. விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

இன்னொரு பழக்கம் உண்டு அவளுக்கு. கேட்காமல் எதையும் செய்யமாட்டாள். "திரையை இழுக்கட்டுமாம்மா?" என்று சாட்சிப் பெண்ணிடம் கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். தலையாட்டினால் போதாது, வாய் திறந்து சொல்ல வேண்டும். தண்ணீர் நீட்டும்போதும் அப்படித்தான், தோளில் கை வைக்கும்போதும் அப்படித்தான். பேருந்து ஓட்டுகிற அவள் புருஷன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "எங்க வீட்டுல பூனையக்கூட பர்மிஷன் வாங்கித்தான் தூக்குவா. நான் உள்ள வரணும்னா வாசல்லயே 'நான்தான்'னு குரல் குடுக்கணும். லைசன்ஸ் மட்டும்தான் இன்னும் கேக்கல." அந்த வீட்டில் ஜன்னலுக்கும் வாசலுக்கும் ஒரு திரைகூடக் கிடையாது.

ஒருமுறை விசாரணை நடுவே எதையோ சொல்ல வாயெடுத்து குமாஸ்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "நீ ஒரு திரை, அக்கா. திரை பேசாது. இன்னொரு தடவை பேசினா வேற ஆளப் போட்ருவாங்க." அன்றிலிருந்து அந்த முக்காலியில் அவள் இருப்பதே தெரியாது.

அதற்கப்புறம் ஒரு நாள் வந்தவள் தையற்கடையில் வேலை பார்க்கிற பெண். தனியாக ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவள். திரைக்கு அந்தப் பக்கம் நின்றவர் வீட்டுச் சொந்தக்காரர். காலையில் சாட்சிகள் அறையைத் திறக்கச் சாவிக்கொத்தை எடுத்ததுமே அந்தப் பெண் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். "சாவிய ஆட்டாதீங்கக்கா." திரையக்கா ஏன் என்று கேட்கவில்லை. சாவிகளைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் திறந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் தேன் தடவியதுபோல் பேசினார். "பூட்டை உடைச்சாராம்மா? இல்ல. கதவை உடைச்சாரா? அதுவும் இல்ல. நீங்களே எழுந்து போய்க் கதவத் திறந்தீங்க. கத்தவும் இல்ல. அப்புறம் எப்படிம்மா சம்மதம் இல்லைங்கறீங்க?"

"நான் ஏன் தொறந்தேன்னா..."

கிலுக்.

மிக மெல்லிய சத்தம். மற்றவர்கள் மேசை இழுப்பறைச் சாவி என்று நினைத்திருப்பார்கள். பெண்ணின் உதடுகள் திறந்தது திறந்தபடியே நின்றன. கண்கள் அசையாத திரையில் ஓர் இடத்தையே பார்த்தன, அங்கே கதவு முளைத்துவிட்டதுபோல்.

"சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

கிலுக்.

வீட்டுச் சொந்தக்காரர் முகத்தில் கோயில் சிலையின் சாந்தம். கால்சட்டைப் பைக்குள் கை மட்டும் அசைந்தது. அரசு வக்கீல் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பதில் இல்லைன்னு பதிவு செஞ்சுக்கலாங்களா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அது பதிவாகிவிட்டால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். தட்டச்சுக்காரர் விரல்களை நிமிர்த்தினார்.

முக்காலி கிறீச்சிட்டது. திரையக்கா எழுந்து அந்தப் பக்கம் போனாள். வீட்டுச் சொந்தக்காரருக்கு முன்னால் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். பேசவில்லை, தொடவில்லை. நீட்டிய கையை இறக்கவும் இல்லை. எல்லாத் தலைகளும் திரும்பியதும் அவர் சாவிக்கொத்தை எடுத்து அதில் போட்டார். விழுந்த சத்தம் எழும்புமுன் விரல்களை மூடினாள்.

"ஐயா, என்ன அக்கிரமம் இது!" என்று குதித்தார் வக்கீல்.

"கையில என்ன?" என்றார் நீதிபதி.

"சாவிங்கய்யா. அந்தப் பொண்ணு வாயத் தொறக்கறப்பல்லாம் ஆட்டிக்கிட்டு இருந்தாரு."

குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்.

"என் ரூம் சாவியும் அதுலதான் இருக்கு. வெளிய நின்னு ஆட்டுவாரு. நான் தொறக்கலன்னா அவரே தொறந்துருவாரு. அதான் தொறந்தேன். சரின்னு தொறக்கல."

"அப்படியே எழுதுங்க" என்றார் நீதிபதி தட்டச்சுக்காரரிடம். பிறகு திரையக்காவைப் பார்த்து, "அதை மேசை மேல வைம்மா."

மேசைவரை போனவள் திரும்பினாள். மூடிய கை பலகைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

"வச்சா சத்தம் வரும்மா" என்றாள் அந்தப் பெண்ணிடம். "வைக்கட்டுமா?"

கூடம் முழுக்கக் காத்திருந்தது. திரையக்கா நீதிபதியைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டு, கையை இறக்காமல் நின்றாள்.