அம்மா வேடத்தில் சித்தி

என் சித்தி லண்டன் மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் கால் நூற்றாண்டு நடித்தவர். ஆனால் அவர் ஏற்ற வேடங்களுக்குப் பெரும்பாலும் பெயரே இருந்ததில்லை. நாடகம் முடிந்து ஓடும் எழுத்துகளில் தாதி, கடைக்காரி, பக்கத்து வீட்டுப் பெண் என்று வருவார். ஒரு தொடரில் பிணமாக நடித்தார். குடும்பத்தில் அவருக்கு அதிகப் பாராட்டுக் கிடைத்தது அதற்குத்தான். "அசையாமல் நல்லாக் கிடந்தனி" என்று ரெய்னர்ஸ் லேனில் இருந்து பெரியம்மா போன் எடுத்துச் சொன்னார். மேடையில் ஒரு ராணிக்குப் பின்னால் விசிறி பிடித்தபடி ஒரு குளிர்காலம் முழுவதும் நின்றார். நாடகம் இல்லாத நாட்களில் கோலியர்ஸ் வுட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுவார். நடிப்பு என்பது நின்று நின்று களைக்கிற ஒரு வேலை என்றுதான் நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

அம்மாவும் களைத்தவர்தான். முதியோர் இல்லம் ஒன்றில் அவருக்கு இரவு ஷிப்ட். அக்காவும் தங்கையும் மேசையின் இரு பக்கமும் இருந்து பால் விடாத பிளேன்ரீ குடிப்பார்கள், அதிகம் பேசமாட்டார்கள். பேசாமல் விட்ட விஷயம் அநேகமாக மேசைக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்த நான்தான்.

நான் பிறந்த கையோடு அம்மாவுக்கு வருத்தம் வந்து நெடுநாள் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். என்ன வருத்தம் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. அப்பாவுக்குப் பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. ஆகவே கலியாணம் ஆகாத சித்தி என்னைத் தூக்கிக்கொண்டு போனார். ஊர் ஊராகப் போகிற ஒரு நாடகத்தில் அப்போது அவருக்குப் பெயருள்ள வேடம் ஒன்று வந்திருந்தது. பாற்போத்தலையும் என்னையும் காவிக்கொண்டு ஊர் சுற்ற ஏலாதென்று அதை விட்டுவிட்டார். பேச்சு வந்ததும் நான் முதலில் அம்மா என்று கூப்பிட்டது அவரைத்தான்.

அம்மா குணமாகி வந்து என்னைத் திரும்ப எடுத்துக்கொண்ட பின்னும் அந்தச் சொல் லேசில் இடம் மாறவில்லை. சித்தி வாசலில் தெரிந்தால் "அம்மா!" என்று ஓடுவேன். அம்மா அடித்ததில்லை, ஏசியதும் இல்லை. எழும்பிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார். வெகுநேரம் தண்ணீர் ஓடும். பிறகு சிவந்த கண்ணோடு வந்து, "அவ சித்தி. நான்தான் அம்மா" என்பார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்குப் பயம். சித்தியைச் சித்தி என்று கூப்பிட்டால் குழாய் திறக்காது என்பதைக் கண்டுபிடித்தேன். அதன் பிறகு ஒருநாளும் எனக்கு வாய் தவறவில்லை.

எனக்கு ஏழு வயதானபோதுதான் சித்திக்கு அந்தப் பெரிய வேடம் வந்தது. தொலைக்காட்சிப் படம். கதை முழுவதும் வருகிற ஓர் அகதித் தாய், பெயர்கூட இருந்தது. தடுப்பு முகாமிலிருந்து தாயை விடுவிக்கிறார்கள், பிரிந்திருந்த மகள் நீண்ட மண்டபத்தில் ஓடி வந்து அம்மா என்று கூப்பிட்டுக் கட்டிக்கொள்கிறாள். அந்த மகளாகத் தமிழ் பேசுகிற ஒரு சிறுமி தேவைப்பட்டாள்.

"ஒரு சொல்தான் அக்கா. ஒருக்கா ஓடி வந்து கூப்பிட்டாச் சரி" என்றார் சித்தி.

"என்ன சொல்?" என்று அம்மா கேட்டார். சித்தி மெல்லச் சொன்னார். அம்மா பிளேன்ரீயை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்துவிட்டு, "நானும் கூட வாறன்" என்றார்.

ஈஸ்ட் ஹாம் பக்கம் மூடிக் கிடந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் படப்பிடிப்பு. அம்மா இரவு ஷிப்ட் முடித்து, நித்திரை கொள்ளாமல் நேரே என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மூலையில் அவர் உட்கார ஒரு கதிரை கொடுத்தார்கள். கம்பளித் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண்தான் இயக்குநர், நல்ல மனுஷி. கையைக் காட்டினார். நான் ஓடினேன்.

"சித்தி!"

இயக்குநருக்கு மகிழ்ச்சி. அவருக்குத் தமிழில் எல்லாமே ஒரே சத்தம். சித்திதான், பிள்ளைக்குச் சொல் சரியாக வரவில்லை, இன்னொரு முறை எடுப்போம் என்று கேட்டுக்கொண்டார். மறுபடி ஓடினேன், மறுபடியும் சித்தி. ஓடுகிற வழியில் அம்மாவின் கதிரை இருந்தது. அதைத் தாண்டும்போது அவருடைய கண்கள் என்னோடு கூடவே வரும். பிறகு எப்படி வேறு சொல் வாயில் வரும்?

சித்தி முழங்காலிட்டு என் தலையைத் தடவினார். "குஞ்சு, இது சும்மா நடிப்பு. என்னை அம்மா எண்டு கூப்பிடோணும். விளங்குதோ?"

"நீங்கள் சித்தியெல்லோ. பொய் சொல்லக் கூடாதெண்டு அம்மா சொன்னவ."

விளக்குப் பிடித்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் சித்தியும் களைத்துவிட்டார். நான் சித்தி என்று கத்தி முடித்தபோது, சொல் பிழை என்று அவர் இந்த முறை திருத்தவில்லை. வெளிச்சம் மாறிவிட்டது, எதற்கும் இன்னும் ஒரு முறை எடுத்து வைப்போம் என்று இயக்குநர்தான் சொன்னார்.

அந்த முறை ஓடும்போது பார்த்தேன். அம்மாவின் தலை சுவரில் சாய்ந்திருந்தது, கண் மூடியிருந்தது. கைப்பை மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. நித்திரை. பக்கத்தில் குழாயும் இல்லை. எனக்குள் எதுவோ கட்டவிழ்ந்தது.

"அம்மா!"

எப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. மண்டபம் முழுவதும் கேட்டது. சித்தி அந்த இடத்தில் பேச வேண்டிய வசனம் ஒன்று இருந்தது, பேசவில்லை. என்னை எடுத்து நெஞ்சோடு இறுக்கினார். மூச்சு முட்டியது. நிறுத்து என்று சொல்ல வேண்டிய இயக்குநர் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே பெருமை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கண் மூடியபடிதான் இருந்தார். ஆனால் தரையில் கிடந்த கைப்பை இப்போது மடியில் இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தார்.

"அற்புதம். சொல்லும் இந்த முறை சரிதானே?" என்று இயக்குநர் சித்தியைக் கேட்டார். படம் எடுக்க வந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் சித்தி ஒருவர்தான்.

சித்தி மூலைப் பக்கம் பார்த்தார். அம்மாவின் மடிக்குத் திரும்பியிருந்த கைப்பையைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், இல்லை, இதில்தான் சொல் பிழைத்துவிட்டது, இதற்கு முந்தினதில் சரியாகச் சொன்னாள், அதையே வையுங்கள் என்றார். இயக்குநர் கெஞ்சிப் பார்த்தார். தமிழர் யாரும் இதை ஏற்கமாட்டார்கள் என்று சித்தி அடித்துச் சொன்னார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கேட்டேன். "நான் சரியாத்தானே சொன்னனான்? ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"களைச்சுப் போனன் குஞ்சு. பிறகு கதைப்பம்." முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் 'பிறகு' இன்றுவரை வரவில்லை.

படம் வந்தபின் ஆங்கிலப் பத்திரிகைகள் சித்தியைப் புகழ்ந்தன. எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஈஸ்ட் ஹாம் சேலைக் கடைக்காரர் "வாங்கோ சித்தி" என்று வரவேற்றார். பெற்ற தாயைச் சித்தி என்று கூப்பிடும் பிள்ளையை லண்டனில்தான் பார்க்கலாம் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். அடுத்து ஒரு தமிழ்த் தாய் வேடம் வந்தபோது அதை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். இவருக்கு மொழி போதாது என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். சித்தி மறுபடி தாதியானார், கடைக்காரியானார். கேட்டவர்களுக்கெல்லாம் "ஓம், என்ரை பிழைதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் எங்கள் வீட்டில்தான் கூடியிருந்தோம். பெரியம்மா மீன் ரோல்ஸ் கொண்டு வந்திருந்தார். கடதாசித் தட்டுகளில் வைத்துச் சாப்பிட்டோம். திரையில் நான் ஓடி வந்தேன். "சித்தி!"

அறை சிரிப்பில் அதிர்ந்தது. "அடியே, பக்கத்திலை நிண்டும் பிள்ளைக்கு ஒரு சொல் சொல்லிக் குடுக்கேலாமல் போச்சோ?" என்று பெரியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சித்தியும் சேர்ந்து சிரித்தார்.

அப்போது அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அங்கே கழுவுவதற்கு ஒரு கோப்பைகூட இருக்கவில்லை. சித்தியின் சிரிப்பு நின்றது. பிறகு எழும்பி அவரும் உள்ளே போனார். இருவரும் வெளியே வர வெகுநேரமாயிற்று.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சித்தி என்றுதானே கூப்பிட்டிருந்தேன், அத்தனை பேரும் கேட்டார்களே. பிறகு ஏன் அம்மா குழாயைத் திறந்தார்?