மௌனத்தை அறிவித்தவள்

அந்த வானொலி நிலையத்தில் பாட்டே கிடையாது. விடிந்ததிலிருந்து நாடு தூங்கப் போகும்வரை பேச்சுதான். ‘தேசியப் பேச்சு வானொலி’ என்று வாசலில் பெரிய பலகை இருந்தாலும், அங்கே வேலை பார்ப்பவர்கள் அதை ‘வாய் ஓயாத வீடு’ என்றுதான் சொல்வார்கள். செய்தி முடிந்தால் சந்தை விலை, அதற்குப் பிறகு மாட்டு வைத்தியர், கடல் வானிலை, சட்ட ஆலோசனை, தொடர் நாடகம், வீட்டுத் தோட்டம், வினாடி வினா. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் நேயருக்கு அது தெரியாதபடி, இது முடிந்தது, அடுத்து இது என்று சொல்லி எல்லாவற்றையும் கோத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அவள்.

தட்டச்சு செய்யத்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு ஆள் கிடைக்காமல் இவளைப் பிடித்து ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அன்று உட்கார்ந்தவள்தான். குரலில் இனிமை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தேர்தல் முடிவானாலும் தக்காளிப் பூச்சியானாலும் ஒரே சீர். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு ‘ரசமட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். கொத்தனார் சுவர்மேல் வைத்துப் பார்ப்பாரே, உள்ளே ஒரு குமிழி அசையாமல் நடுவில் நிற்குமே, அதுதான். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அந்தச் சீரான குரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். அவள் தம்பி. மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவரும் சுரங்க வேலையில் இருந்தான். இடைவேளையில் வெளியே வந்து, அவள் பேசுவதைக் கேட்டுவிட்டுச் சாயந்திரம் போன் செய்வான்.

“அக்கா, இன்னிக்குக் கடல் வானிலைக்கு முன்னாடி ஒரு தும்மலை முழுங்கினியே, எனக்குத் தெரியும்.”

“உன் காதைக் கழட்டி உண்டியல்ல போடு.”

“நாடகத்துக்கு முன்னாடி மாமாகூட சண்டை போட்ட மாதிரி இருந்தது?”

உண்மையிலேயே போட்டிருப்பாள். பேச்சை மாற்றிவிடுவாள்.

சுரங்கத்தின் கூரை விழுந்த செய்தி, அவள் வேலையில் இருக்கும்போதே வந்தது. செய்திப் பிரிவிலிருந்து ஒருவர் ஓடிவந்து தாளை நீட்டினார். எந்தச் சுரங்கம், எந்த வாய் என்று இரண்டு தடவை பார்த்தாள். தம்பி அந்த வாய் வழியாகத்தான் காலையில் உள்ளே போயிருந்தான். ஆனால் ஒலிவாங்கி திறந்துவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. படித்தாள். உள்ளே பலர் சிக்கியிருப்பதாக அஞ்சப்படுகிறது என்று ஒரே சீராகப் படித்து முடித்து, “அடுத்து, வீட்டுத் தோட்டம். தக்காளிச் செடிக்கு எரு இடுவது பற்றி” என்றாள். பிறகுதான் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

தம்பி மனைவி அதைச் சமையலறையில் நின்று கேட்டிருக்கிறாள். அன்று மாலை இவள் தம்பி வீட்டு வாசலில் ஓடிப்போய் நின்றபோது அவள் உள்ளே விடவில்லை.

“அவர் உள்ள இருக்கார்னு தெரிஞ்சேதான படிச்சீங்க? படிச்சிட்டு, அடுத்து தக்காளிச் செடின்னு சொல்ல எப்படி வந்துச்சு? உங்க குரல் கொஞ்சம்கூட மாறல. அந்த வாயால இனி எங்கிட்ட பேசாதீங்க.”

வேலை அப்படி என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அதைச் சொன்னால் யார் காதில் ஏறும்? தான் கல்நெஞ்சுக்காரிதானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. தினமும் போன் செய்தாள், அந்தப் பக்கம் எடுக்கவே இல்லை.

நேற்று, இனித் தேடிப் பயனில்லை என்று அரசு அறிவித்தது. யாருடைய உடலும் கிடைக்கவில்லை. இன்று நண்பகலில் நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம், பேச்சு வானொலியிலும் மௌனம். அலுவலகத்தில் அவள் யாரிடமும் தம்பியைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் பாவம் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மௌனத்தை வேறு யாரோ அறிவிப்பார்கள். அவனுக்கென்று தான் செய்யக் கூடியது இது ஒன்றுதான், இதிலாவது பிசகு வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலையிலிருந்து சந்தை விலையையும் மாட்டு வைத்தியரையும் கோத்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு வானொலிக்கு மௌனம் என்றால் ஆகாது. சற்று நேரம் சத்தமே போகவில்லை என்றால், நிலையம் செத்துவிட்டது என்று நினைத்து ‘வாட்ச்மேன்’ என்று அவர்கள் சொல்லும் ஓர் இயந்திரம் தானாக விழித்துக்கொள்ளும். முதலில் அறிவிப்பாளர் மேசையில் மஞ்சள் விளக்கு எரியும். அதற்கும் யாரும் வாய் திறக்காவிட்டால், அவசரத்துக்கென்று வைத்திருக்கும் பல் டாக்டரின் உரையை அது ஒலிபரப்பிவிடும். ஒருமுறை நாடகத்தில் கதாநாயகி விம்மி நிறுத்திய இடத்தில் “பல் துலக்கும்போது நாம் செய்யும் தவறுகள்” என்று டாக்டர் குதித்துவிட்டார். வருஷக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

“வாட்ச்மேனைத் தூங்க வச்சாச்சா?” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பொறியாளரிடம் மூன்று முறை கேட்டாள்.

“வச்சாச்சு மேடம், நானே கையால அணைச்சேன்.”

அணைத்தது உண்மைதான். ஆனால் ஒலிபரப்புக் கோபுரத்தில் போன மாதம் புதிதாக அதே மாதிரி இன்னொரு வாட்ச்மேனை வைத்திருந்தார்கள். அது அவர் நினைவுக்கு வரவில்லை.

மணி ஒலித்தது. “மலைக்குள் உயிர் நீத்தவர்களுக்காக, இரண்டு நிமிட மௌனம்” என்றாள். ஒலிவாங்கியை மூடினாள். எழுந்து நின்றாள். நாடே நின்றது.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பொறியாளர் நல்ல மனுஷன், அதுதான் வினை. மரியாதைக்காக ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை இறுக மூடித் தலை குனிந்து நின்றார். கையை ஆட்டினாள். கண்ணாடியைத் தட்டப் போனால் அதற்குள் டாக்டர் வந்துவிடுவார். அவன் சாவுக்கு நாடு நிற்கிறது, அதன்மேல் பல் டாக்டரா? செருமலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், அது அசிங்கம். ஒலிவாங்கியைத் திறந்தாள். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை.

“தம்பி” என்றாள்.

விளக்கு அணைந்தது. மறுபடியும் மௌனம். சிறிது நேரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. “தம்பி.” இந்த முறை தெரிந்தேதான் கூப்பிட்டாள். இரண்டு நிமிடம் முடிவதற்குள் இன்னும் பல தடவை கூப்பிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும், சாப்பிட வரச் சொல்லி வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடும் அதே சாதாரணக் குரல். பதில் வருவதற்கு இடம்விட்டது போல அதன்பின் நீண்ட அமைதி.

மணி ஒலித்தது. “அடுத்து, வினாடி வினா” என்றாள். குரல் சீராகத்தான் இருந்தது.

அறை ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டிருந்த பொறியாளர் கண் சிவந்து ஓடிவந்தார். “யார் மேடம் எழுதிக் குடுத்தது? ஒவ்வொரு வீட்டுலயும் கூப்பிடுற மாதிரி இருந்தது.” யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் கைப்பையில் போன் அடித்தது. தம்பி மனைவி.

“அண்ணி.”

இவள் போனோடு தாழ்வாரத்துக்கு வந்துவிட்டாள்.

“பாப்பா ரேடியோ பக்கத்துலதான் உக்காந்திருந்தா. அத்தை அப்பாவைக் கூப்பிடுறாங்களே, அப்பா ஏன் பதில் சொல்லலன்னு கேக்குறா. நான் இன்னும் அவகிட்ட சொல்லல அண்ணி. நேத்துலேருந்து சொல்லணும்னு பாக்குறேன், வாயைத் திறந்தா அழுகைதான் வருது. எதுக்குன்னே தெரியாம அவளும் அழுறா. நீங்க வந்து சொல்லுங்க. உங்களுக்குத்தான் குரல் நடுங்காது.”

வரேன்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. தொண்டையிலிருந்து வேறு ஏதோ சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. தாழ்வாரத்தில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். ரசமட்டம் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதாள்.

அந்தப் பக்கம் தம்பி மனைவி போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“சரி, வாங்க அண்ணி” என்றாள் கடைசியில். “ரெண்டு பேருமா சேந்து சொல்லுவோம்.”