கம்புக்காரிகள்

எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயர் ‘கம்புக்காரிகள்’. ஞாயிறு காலையில் கோவில்பட்டி மைதானத்தில் ஹாக்கி ஆடும் பெண்கள் நாங்கள்; பாதிப் பேருக்கு முட்டிவலி. புதிதாகச் சேரும் பிள்ளைகள் அந்தப் பெயரைப் பெருமையாகச் சட்டையில் போட்டுக்கொள்கிறார்கள். அது வசவாகப் பிறந்தது என்றால் நம்புவதில்லை.

வைதவர், நான் பள்ளியில் படித்த காலத்தில் மைதானத்து வாசலில் வெள்ளரிக்காய் விற்றவர்; எங்களுக்கெல்லாம் அவர் அத்தை. “அரை டவுசரும் கம்புமா அலையுதாளுவ பாரு, கம்புக்காரிக,” என்பார். அந்தச் சொல் எனக்கு முன்னால் பஸ் ஏறி எங்கள் ஊரான பசுவந்தனைக்குப் போய்விட்டது. அப்பா டீக்கடையில் கேட்டுவிட்டு வந்து குதித்தார்.

“இந்தப் பேரோட ஒன்ன எவன் கட்டுவான்? இனிமே அந்தக் கம்பு வீட்டுக்குள்ள வரப்படாது.”

ஆட்டம் போனால் எனக்கு வேறு எதுவுமே இல்லை என்று அழுதேன். மறுநாள் வேறு வழி தெரியாமல், பெயர் வைத்தவரிடமே போய் நின்று கம்பை வைத்துக்கொள்ளக் கேட்டேன்.

“நல்ல ஆளப் பாத்தட்டி,” என்றவர், வாங்கிச் சாக்குக்கு அடியில் செருகிக்கொண்டார்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. தினமும் வசவு கிடைக்கும், கம்பும் கிடைக்கும். வெளியூர்ப் பையன்கள் கிண்டல் செய்தால் மட்டும், “எங்க கம்புக்காரிககிட்ட வச்சுக்கிடாதீங்கலே,” என்று எழுந்துவிடுவார். அந்த ‘எங்க’ எப்போது வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. அவருக்கு நான் வாய்திறந்து நன்றி சொன்னதேயில்லை. அதனால்தான் குழுவுக்கு இந்தப் பெயர்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

ஒருநாள் மண்டியில் உளுந்து போட வந்த அப்பா அவர் கடை முன்னால் நின்றார். கம்பு சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மைதானச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒளிந்து நான் எட்டிப் பார்த்தேன்.

“இது ஆரு கம்பு?”

“என் கம்புதான் அண்ணாச்சி. ஆடு வந்து காயில வாய் வைக்குதுல்லா, வெரட்டுததுக்கு.”

கைப்பிடியில் அம்மாவின் பழைய சேலைத்துணியைச் சுற்றியிருந்தேன். அப்பா அதைத் தடவிப் பார்த்தார். கம்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பை நிறையக் காய் வாங்கிக்கொண்டு போனார்.

பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். அப்பா காயை நறுக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி வைத்திருந்தார். தட்டை என் பக்கம் தள்ளினார்.

“தின்னு, கம்புக்காரி. நாளைக்குக் கம்ப வீட்டுக்குக் கொண்டாந்திரு. அவியளுக்கு ஆடு வெரட்ட வேற கம்பு வெட்டித் தாரேன்.”