ரேடியோவோடு வந்த இங்கிலீஷ்காரி

மணலில் கடலை வறுபடுவது போன்ற இரைச்சலோடுதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, கிணற்றுக்குள் நின்று பேசுகிறவர்களைப் போல, தூத்துக்குடியிலிருந்தும் ஹூப்ளியிலிருந்தும் ஆட்கள் அப்பாவைக் கூப்பிடுவார்கள். அரசாங்கத் தேர்வு எழுதி ஹாம் ரேடியோ உரிமம் வாங்கி, தனக்கென்று ஓர் அழைப்புக்குறியும் பெற்று, வீட்டிலிருந்தபடியே வானலையில் வெளியூர்க்காரர்களோடு பேசுகிறவர் அவர். அம்மாவுக்கு அந்தக் கருவி வெறும் "கொரகொரப் பொட்டி".

அப்பா ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். நான் ஏழாவது படிக்கும்போது அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. விழித்திரை நோய், மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் அவரை மெஷின் பக்கத்திலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அவரே நின்றுகொண்டார். செல்போன் கம்பெனியில் போர்டு பொருத்தும் லைன் வேலை பார்த்த அம்மாவின் சம்பளத்தில் வீடு நடந்தது. நோயைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. "அவருக்கு சாயங்காலம் ஆனா கொஞ்சம் மங்கும்" என்று மட்டும் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லுவார்.

அப்பா தானே கோத்துச் செய்த பழைய ரேடியோ அடிக்கடி சூடாகி நின்றுபோகவே, அவர் வேலையை விட்ட அடுத்த வருடம் புதிதாக ஒன்று வாங்குவது என்று முடிவானது. தண்டலத்தில் கல்லூரி லேபில் வேலை பார்த்த சேகர் மாமா, அப்பாவின் ரேடியோ சிநேகிதர், அதைத் தருவித்துக் கொடுப்பதாகச் சொல்லி விலைப்புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ரேடியோவோடு சேர்த்துத் தனியாக வாங்கிக்கொள்ளக்கூடிய சாமான்கள் அதன் கடைசிப் பக்கங்களில் இருந்தன. எங்களால் அவற்றில் ஏதாவது ஒன்றைத்தான் வாங்க முடியும்.

பள்ளி விட்டு வந்ததும் நான் வாசிக்க வேண்டும். அப்பா கண்ணை மூடிக் கேட்பார். மேசைமேல் வைக்கும் மைக், தனி ஸ்பீக்கர், பக்கத்துக் குரல்களை வடிகட்டித் தள்ளும் ஃபில்டர், மோர்ஸ் தந்திக் குறிகளைத் தட்டும் சாவி, ஏரியல் கம்பியையும் ரேடியோவையும் ஒத்துப்போகச் செய்யும் ட்யூனர் என்று ஒவ்வொன்றாக வாசிப்பேன். மாடியிலிருந்து எதிர்வயல் தென்னைமரத்துக்கு அவர் கட்டியிருந்த கம்பி என்றைக்கும் சரியாக ஒத்துப்போனதில்லை என்பதால் ட்யூனர்தான் என்றார். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "கடைசியா ஒண்ணு படிச்சியே, அது இன்னாது?" என்றார்.

அது விரல்நுனி அளவுள்ள ஒரு சின்ன போர்டு. உள்ளே பொருத்திவிட்டால், பட்டனை அழுத்தும்போதெல்லாம் ரேடியோ எந்த அலைவரிசை எண்ணில் நிற்கிறது என்று வாயால் சொல்லும்.

"அதெல்லாம் கண்ணு தெரியாதவங்களுக்கு," என்று அப்பா என்னைப் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். அம்மா மறுபடி கீரையை ஆயத் தொடங்கினார். சேகர் மாமாவுக்கு ட்யூனர் என்றே சொல்லியனுப்பினோம்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், நான் பள்ளிக்கும் அம்மா ஷிஃப்ட்டுக்கும் போன பிறகு, அப்பா தனியாகப் பழைய ரேடியோவைப் போட்டிருக்கிறார். அதன் சின்னத் திரையில் எண்ணைத் தவறாகப் படித்துவிட்டு, நம் நாட்டு ஹாம்களுக்கு அனுமதித்த எல்லையைத் தாண்டிப்போய், பேசக்கூடாத இடத்தில் நின்று நெடுநேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஹாம் பெரியவர் ஒருவர் அப்பாவின் குரலைக் கேட்டுவிட்டு, சேகர் மாமா மூலம் போனில் தன்மையாகத்தான் சொன்னாராம். உரிமம் வாங்கிய நாளிலிருந்து ஒரு தப்பும் செய்யாதவர் அப்பா. நான் வந்து பார்த்தபோது ரேடியோமேல் துண்டு போர்த்தியிருந்தது. மறுநாள் காலையிலும் இரைச்சல் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. வீடு பூட்டிக் கிடப்பதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல் அம்மா அவர் எதிரில் உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்பா ரேடியோமேல் கிடந்த துண்டைத் தடவினார்.

"நம்பர் தெரில ஸ்டெல்லா. பகல்லயே தெரில."

"எனக்குத் தெரியும்," என்றார் அம்மா. "நீயா சொல்லுவேன்னுதான் பார்த்துக்கினு இருந்தேன்."

அப்பா அழவில்லை. போனை வாங்கி, சேகர் மாமாவிடம் ட்யூனர் வேண்டாம், பேசுகிற போர்டை வரவழைத்துவிடு என்று தன் வாயாலேயே சொன்னார். "கண்ணு போயிடுச்சுப்பா, அதான்," என்று சாதாரணமாகச் சொன்னார்.

ரேடியோ வந்த அன்று அப்பா மூடியின் திருகாணிகளை விரலால் தடவியே கழற்றினார். போர்டைப் பொருத்தும் வேலையை அம்மா வாங்கிக்கொண்டார். கம்பெனியில் செய்வதுபோல முதலில் உலோகச் சட்டத்தைத் தொட்டுக் கையிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டு, நகத்தால் ஓர் அழுத்து அழுத்தினார். 'டிக்' என்று உட்கார்ந்தது. அப்பா பட்டனைத் தட்டியதும் ஒரு பெண் குரல், "செவன் பாயிண்ட் ஒன் ஒன் ஜீரோ" என்றது.

"யாரு இவ, நம்ம வூட்ல?" என்று அம்மா கேட்டதில் அப்பா சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவள் எங்களுக்கு "இங்கிலீஷ்காரி". ட்யூனர் இல்லாத குறைக்கு, மூவருமாக மாடியில் நின்று, கம்பியைச் சாண் சாணாக நறுக்கி, அது ஒத்துப்போகும் நீளத்தைக் கண்டுபிடித்தோம். வேர்க்க விறுவிறுக்க வேலை முடிந்ததும் ஹூப்ளிக்காரர் பக்கத்து அறையில் இருப்பதுபோலக் கேட்டார். மறுநாள் வானலையில் எல்லோரும் கூடும் காலைக் கூட்டத்தில் அப்பா தன் அழைப்புக்குறியைச் சொல்லி, தனக்குப் பார்வை போய்விட்டதையும் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வணக்கம் சொல்லி, வழக்கம்போல மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

இன்று அந்த வயல் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடம். தென்னைமரம் இல்லை, சுற்றிலும் தொழிற்சாலைகள் பெருகிக் காற்றில் இரைச்சலும் கூடிவிட்டது. சேகர் மாமாவின் குரலும் இப்போது வானலையில் இல்லை. இங்கிலீஷ்காரியும் சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் பாதி எண்ணிலேயே பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

போன மாதம் புது ரேடியோவுக்கு லேப்டாப்பில் தேடினேன். பேசும் போர்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நான் பார்த்த ரேடியோவில் குரல் உள்ளேயே இருக்கிறது. வேறு என்ன சாமான் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, இன்னொரு ஹெட்ஃபோன் என்றார். இருப்பது நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு இன்னொன்று என்றேன்.

"உங்கம்மா பரீட்சைக்குப் படிக்குது," என்றார் அப்பா.

உள்ளறையில் அம்மா, கம்பெனி வேலையை விட்ட பிறகு வாங்கிய கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, மோர்ஸ் எழுத்துகளை மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.