சிஞ்ஞோராவின் மதியப் பாட்டு

என் அம்மாவை நான் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் ஏமாற்றியிருக்கிறேன். அதையும் பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்திய நோன்பில், தபசு காலத்தில், மாதாவின் பெயரைச் சொல்லிச் செய்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. என்னைப் போன்ற கெட்டிக்காரி இத்தாலியின் இந்தப் பலெர்மோ முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள் என்பது அந்நாளில் என் சொந்த அபிப்பிராயம்.

இங்கே நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம். அப்பா இலங்கையில், மன்னாரில் இருந்தார். அவரைக் கூப்பிட அம்மா விண்ணப்பம் போட்டிருந்தார். அதற்கு அம்மாவிடம் வேலை ஒப்பந்தம் இருக்கவேண்டும். அந்த ஒப்பந்தமோ வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் வசித்த எண்பது வயது இத்தாலிய அம்மையாரின், எங்கள் சிஞ்ஞோராவின், கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு அம்மா அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார். குளிக்க வார்ப்பது, சமைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் அவர்தான்.

சிஞ்ஞோரா இளவயதில் பெரிய ஹோட்டல் ஒன்றில் வாத்தியக்காரரோடு நின்று பாடியவராம். போர்க்காலத்தில் இந்த ஊருக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பாடியதைக் கேட்டுச் சின்னப்பிள்ளையிலேயே ஓர் ஆங்கிலப் பாட்டைப் பிடித்துக்கொண்டாராம். இப்போது மகனின் பெயரே சில நாட்களில் மறந்துபோனது. பாட்டு மட்டும் மறக்கவில்லை. நாங்கள் சாப்பாட்டுக்கு முன் சிலுவை போடுவதைப்போல, அவர் மதியம் சூப்புக் கோப்பைக்கு முன்னால் அமர்ந்து அதைப் பாடுவார். பாடி முடித்தால்தான் கரண்டியைத் தொடுவார்.

சிக்கல் என்னவென்றால், பாட்டு முடிவதில்லை. மெட்டு இரண்டு தடவை ஒரேமாதிரி இறங்கி வரும். மூன்றாவது தடவை எங்கோ மேலே ஏறவேண்டும். அந்த இடத்தில் சிஞ்ஞோரா நின்றுவிடுவார். முதலில் தோளைக் குலுக்கிவிட்டுச் சாப்பிட்டார். தபசு காலம் தொடங்கியபோது கோப்பையைத் தள்ளிவிடத் தொடங்கினார். ஆள் வாடிப்போனார்.

மிலானோவில் இருந்த மகன் தொலைபேசியில் சொல்லிவிட்டார். குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் வருவாராம். தாய் சாப்பிடாவிட்டால் பகேரியாவில் உள்ள முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுவாராம். அன்றிரவு அம்மா செபமாலையை இரண்டு தரம் சொன்னார். சிஞ்ஞோரா பகேரியாவுக்குப் போனால் அப்பா மன்னாரிலேயே இருக்கவேண்டியதுதான் என்று எனக்கும் விளங்கியது.

அடுத்த நாள் சிஞ்ஞோரா பாடியதை அம்மா எனக்கு முணுமுணுத்துக் காட்டினார். அவர் நிற்கும் இடத்தில் மீதியை அம்மா எடுத்துக்கொடுத்தால் சாப்பிடுவார் என்று நினைத்தோம். தொடக்கத்துச் சொற்களை வைத்துப் போனில் தேடினேன். பாட்டு உடனே கிடைத்தது. ஒன்றல்ல, கணக்கில்லாமல் கிடைத்தது. ஒருத்தி அழுவதைப்போலப் பாடினாள். இன்னொருவர் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவரைப்போலப் பாடினார். ஒருவர் பாடவேயில்லை, டிரம்பெட்டைத்தான் ஊதினார். அதிலும் பாதிவழியில் மெட்டு காணாமல்போய், கடைசியில் எப்படியோ வீடு வந்து சேர்ந்தது.

“இதிலை எது பிள்ளை சரி?” என்று கேட்டார் அம்மா.

அதைவிடப் பெரிய கேள்வி அடுத்து வந்தது.

“இது என்ன பாட்டு? தபசு காலத்திலை கண்டதையும் பாடேலாது.”

பள்ளிக்கூடத்து ஆங்கிலம் எனக்குப் போதும். தூரப்போன ஒருவனை ஒருத்தி திரும்பி வரச்சொல்லிக் கேட்கிறாள். நடுவில் முத்தம்கூட வருகிறது. உண்மையைச் சொன்னால் அம்மா பாடமாட்டார். அம்மா பாடாவிட்டால் அப்பா வரமாட்டார்.

“மாதான்ரை பாட்டம்மா.”

“அமெரிக்காக்காரர் மாதாவை இப்பிடியே பாடுறவை?”

“ஓம். அவை இப்பிடித்தான்.”

அம்மா கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, “அப்ப சரி” என்றார். கோயில் பாட்டுகள் எழுதிவைக்கும் கொப்பியை எடுத்து, நான் சொல்லச்சொல்ல அந்த ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார்.

அம்மாவின் குரலைப்பற்றிச் சொல்லவேண்டும். பெரிய வெள்ளியன்று எங்கள் பங்குக் கோயிலில் மாதாவின் புலம்பலை அம்மாதான் பாடுவார். மகனை மடியில் கிடத்திக்கொண்டு தாய் அழுகிற பாட்டு அது. அம்மா ஒவ்வொரு அடியையும் இழுத்து, கடைசியில் குரலை உடையவிட்டு, உடைந்த இடத்திலிருந்தே அடுத்த அடியை எடுப்பார். ஊரில் படித்த முறை. அந்த நேரம் கோயிலில் இருமல்கூடக் கேட்காது. இன்றுவரை அதற்கு ஈடான குரலை நான் கேட்டதில்லை, தாய் என்பதால் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை நானும் அம்மாவோடு போய், நீல நிற மேசைவிரிப்புக்கு இந்தப்பக்கம் நின்றேன். மகன் கழுத்துப்பட்டியோடு வந்து தாய்க்கு எதிரே அமர்ந்திருந்தார். அம்மா சூப்பை ஊற்றினார். சிஞ்ஞோரா பாடத் தொடங்கினார். இரண்டு தடவை இறங்கினார். ஏறும் இடம் வந்தது. நின்றார். கை கோப்பையைத் தள்ளப் போனது.

அகப்பையைக் கையில் பிடித்தபடியே அம்மா பாடினார்.

போனில் கேட்ட எவரையும்போல அவர் பாடவில்லை. பெரிய வெள்ளிப் புலம்பலாக இழுத்துப் பாடினார். ஏறவேண்டிய இடத்தில் ஏறி, அங்கேயே நின்று, குரலை உடைத்தார். முத்தம் வரும் இடத்தில் செத்தவீடு மாதிரி இருந்தது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. எல்லாம் பாழ் என்று நினைத்தேன்.

சிஞ்ஞோரா கண்ணை மூடினார். ஒரு விரல் மேசையைத் தட்டத் தொடங்கியது. அம்மாவின் இழுவைக்குள் இருந்த இடைவெளிகளில், சரியாக அங்கே தட்டியது. கடைசி இறக்கத்தில் சிஞ்ஞோராவும் சேர்ந்துகொண்டார். அம்மா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், இருவரும் ஒருபோதும் ஒன்றாக வராமலே ஒரே இடத்தில் போய் முடித்தார்கள். பிறகு சிஞ்ஞோரா கரண்டியை எடுத்துச் சூப்பைக் குடித்தார். முழுவதையும் குடித்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார்: “கேட்டாயா? இவள் யாரையும் பார்த்துப் பாடவில்லை. இந்தப் பாட்டை அப்படித்தான் பாடவேண்டும்.”

மகன் யன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். அதற்குப்பிறகு பகேரியா என்ற பேச்சே எடுக்கவில்லை. ஒவ்வொரு மதியமும் அந்த வீட்டில் இரண்டு குரல்கள் கேட்டன. அடுத்த நத்தாருக்கு அப்பா வந்து இறங்கினார்.

மகன் வந்திருந்த அந்தச் சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா சிஞ்ஞோராவின் குசினியில் கோப்பை கழுவியபடி அழுததைக் கண்டேன். மாதாவை நினைத்து அழுகிறார் என்று நினைத்தேன். பெரிய வெள்ளியிலும் அப்படித்தான் அழுவார். முத்தப்பாட்டைக் கொடுத்து இந்த மனிசியை அழவைத்துவிட்டேனே என்று எனக்கும் அழுகை வந்தது. பாஸ்காவுக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இருமுவதைப்போலச் சிரித்துவிட்டு, மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். நான் பயத்தில் ஆறு சொன்னேன்.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. போன மாசிமாதம்தான் சொன்னேன். அப்பா சியாகுல்லித் தோட்டத்தில் வேலை முடிந்து கொண்டுவந்த மந்தரீன் தோடம்பழங்களை அம்மா எனக்கு உரித்துத் தந்துகொண்டிருந்தார். அவர் வாய் அந்தப் பாட்டை முணுமுணுத்தது. இனியும் தாங்காது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அம்மா சிரித்த சிரிப்பில் சுளை கையிலிருந்து விழுந்தது.

“அது எனக்கு முதலே தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே சிஞ்ஞோரா சொல்லிப்போட்டா. தூரத்திலை இருக்கிற மனிசனை வா எண்டு கூப்பிடுற பாட்டு.”

“பிறகேன் என்னட்டைக் கேட்டனீங்கள்?”

“பத்து வயசுப் பிள்ளைக்கு முன்னாலை, தபசு காலத்திலை, மன்னாரிலை இருந்த உன்ரை கொப்பரை நினைச்சுப் பாடப்போறன் எண்டு சொல்லேலுமே? நீயே மாதா எண்டாய். எனக்கு லேசாப் போச்சு.”

முன்னறையில் அப்பா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, என்ன பகிடி என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் அம்மா. எனக்குத்தான் அந்தக் குசினி ஞாபகம் வந்தது. என் பாவத்துக்காக நான் அழுதுகொண்டு நிற்க, இரண்டு எட்டுத் தள்ளி, தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு, அம்மா அப்பாவுக்காக அழுதுகொண்டிருந்திருக்கிறார்.