மார்லிஸின் கால் ஏக்கர்

வானெக் குடும்பத்து வேட்டைக் குடிலில் கதவைத் திறந்ததும் எதிரே ஒரு பலகை தொங்கும். அதில் ஏழு ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்கு மேலும் ஒரு பரணின் பெயர்: ஓடைப் பரண், மேப்பிள் பரண், கல்மேடு, இப்படி. மான் சீசனின் முதல் நாள் விடிவதற்கு முன், யார் எந்தப் பரணுக்குப் போகிறாரோ அவர் தன் பெயர் எழுதிய மரவில்லையை அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வெளியே கால் வைக்க வேண்டும். யார் எந்த மரத்தில் இருக்கிறார் என்று தெரியாமல் யாரும் சுட்டுவிடக் கூடாது என்று அப்பா செய்துவைத்த ஏற்பாடு. ஆறு ஆணிகள் பரண்களுக்கு. ஏழாவது ஆணிக்கு மேல் ‘அடுப்பு’ என்று எழுதியிருக்கும். இருபத்தாறு வருடங்களாக அந்த ஆணியில் தொங்கியது மார்லிஸின் வில்லை.

அம்மாவின் முழங்கால் முடங்கிய வருடம், “இந்த ஒரு வருஷம் மட்டும் பாத்துக்கோடி” என்று சொல்லித்தான் கரண்டியைக் கையில் கொடுத்தார்கள். அந்த ஒரு வருடம் அப்படி நீண்டுவிட்டது. மார்லிஸ் ஆண்டுதோறும் வேட்டை உரிமம் எடுப்பாள். சட்டப்படி போட வேண்டிய ஆரஞ்சு நிறச் சட்டையையும் போட்டுக்கொள்வாள். அந்தச் சட்டையோடு பீன்ஸைக் கிளறுவாள். தகர டப்பாவை வேலியில் வைத்துச் சுடச் சொன்னால் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் விட அவள்தான் நன்றாகச் சுடுவாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வடக்கு விஸ்கான்சினின் அந்த மூலையில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள யாரைக் கேட்டாலும், ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் தெரிந்த அவள் கண்களைப் பார்த்து ஒரு முறையாவது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தவராக இருப்பார். ஐம்பத்தெட்டு வயதில், ஜூன் மாதம், ஓய்வு பெற்றாள். அதற்காக வீட்டுப் பின்புறத்தில் நடந்த விருந்தில், அண்ணன் டுவேன் வறுத்த சாஸேஜை வாயில் வைக்கும் நேரம் பார்த்துச் சொன்னாள்.

“அண்ணே, இந்த வருஷம் எனக்கு ஒரு பரண் வேணும்.”

டுவேன் மென்று முடித்தான். “ஆறுக்கும் ஆள் இருக்கே மார்லி. நான், லைல், என் பசங்க ரெண்டு பேரு, சித்தப்பா பசங்க ரெண்டு பேரு.”

“அப்ப ஏழாவதா ஒண்ணு போட்டுக்கறேன்.”

“எங்க போடுவ?”

“நீ எங்க விடுவ?”

டுவேன் கொஞ்சம் யோசித்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. “பழைய உருளைக்கிழங்குக் கொல்லைல போட்டுக்கோயேன்.”

தம்பி லைலுக்குக் குடித்த பீர் மூக்கில் ஏறியது. உருளைக்கிழங்குக் கொல்லை என்பது குடிலுக்குத் தெற்கே உள்ள கால் ஏக்கர். தாத்தா இரண்டு வருடம் பாடுபட்டுவிட்டுக் கைகழுவிய இடம். பெரணியும் பாசியும்தான் வளரும். அங்கே மான் நின்றதை உயிரோடிருக்கும் யாரும் பார்த்ததில்லை.

“சரி,” என்றாள் மார்லிஸ்.

“இரு, முழுசாக் கேட்டுக்கோ. மொத நாள் மத்தியானத்துக்குள்ள அங்க ஒரு மானை நீ சாச்சுட்டா, அந்த இடம் காலத்துக்கும் உனக்கு. ஆணிய நானே அடிச்சுத் தரேன். இல்லைன்னா திரும்ப அடுப்புக்குப் போயிடணும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.”

“நான் சாச்சுட்டா அடுப்புக்கு யாரு?”

டுவேன் இதை நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் சுற்றி இருபது பேர் தட்டோடு நிற்கும்போது பின்வாங்க முடியுமா? “நான் போறேன், போ,” என்றான்.

“நான் சாட்சி,” என்றான் லைல், மூக்கைத் துடைத்துக்கொண்டே. “அக்கா, எதுக்கும் வெங்காயம் வாங்கி வெச்சுக்கோ.”

மறுநாள் காலையிலேயே ஒரு பாத்திரத்தில் மண் அள்ளிக்கொண்டு தீவன மில்லுக்குப் போனாள். அங்கே கல்லாவில் இருக்கும் ஓர்வில், ஒரு காலத்தில் அவள் பேருந்தில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வம்பு செய்தவன். இப்போது தலை வழுக்கை. பத்து நாள் கழித்து வந்த பரிசோதனை முடிவை அவனே வாசித்துக் காட்டினான்.

“மண்ணா இது, வினிகர் மாதிரி இருக்கு மிஸஸ் பெர்க். சுண்ணாம்பு போடாம வெதை போட்டீங்கன்னா வெதைதான் வேஸ்ட்டு.”

“எவ்வளவு போடணும்?”

“இருபது மூட்டை. உங்க எடத்துக்கு டிராக்டர் போவாது, இல்ல?”

போகாது. பனிச்சறுக்குப் பலகையில் வைத்துப் புல்மேல் இழுத்துப் போனாள், ஒரு தடவைக்கு ஒரு மூட்டை. அவள் கணவன் ரோஜர் பெர்க், குளிரையும் கொசுவையும் ஒரே அளவில் வெறுப்பவன், காரில் இருந்தபடி எண்ணிக்கொடுத்தான். “பதினேழு. மார்லி, பதினேழு ஆயிடுச்சு.” பெரணியை வெட்டி, வேரைக் கிளறி, சுண்ணாம்பைக் கலந்து விட்டுவிட்டு, ஆகஸ்டு நடுவில் மழை வரும் என்று வானொலியில் சொன்ன நாளுக்கு முதல் நாள் விதைத்தாள். குளிர்காலத் தானியமான ரை, மூவிலைப் புல், டர்னிப் கிழங்கு மூன்றும் கலந்து. ஓரத்தில் நின்ற பழைய ஊசியிலை மரத்தில் பரணும் கட்டினாள். மானுக்குத் தன் வாடை போகாமல், வடமேற்குக் காற்று பாத்தியிலிருந்து தன் பக்கம் வீசும்படி பார்த்து.

விதையோடு ஓர்வில் ஒரு துண்டுக் கம்பி வலையையும் கொடுத்தனுப்பியிருந்தான். “இதை வட்டமா வளைச்சு ஒரு மூலைல நட்டுடுங்க. மான் வாய் அதுக்குள்ள போகக் கூடாது. அப்பதான் பயிர் முளைக்கலையா, மான் தின்னுச்சான்னு நமக்குத் தெரியும்.” அவளும் அப்படியே, சாப்பாட்டு மேஜை அகலத்துக்கு ஒரு கூண்டைத் தூர மூலையில் நட்டு வைத்தாள். அதன் மேல் மூடி எதுவும் இல்லை, மார்புயர வலைதான்.

செப்டம்பரில் கால் ஏக்கரும் பச்சைப் பாய் விரித்தது. தினமும் போய்ப் பார்த்தாள். ஒரு நாள் முட்டிபோட்டு டர்னிப் இலைகளை எண்ணக்கூடப் பார்த்தாள், ஐம்பதுக்கு மேல் கணக்குத் தவறிவிட்டது. அதற்குள் டுலூத் நகரத்தில் மகளுக்குப் பிரசவம். மூன்றரை வாரம் அங்கே இருக்க வேண்டியதாகிவிட்டது.

அக்டோபர் நடுவில் லைல் போன் செய்தான்.

“அக்கா, பேத்தி எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா. என் பாத்தி எப்படி இருக்கு?”

“நாங்க ரெண்டு பேரும் பரண் சரிபண்ண போயிருந்தோம். மொட்டை அடிச்ச தலை மாதிரி இருக்கு. ஒரு இலை கெடையாது. அண்ணன் அங்க கார் நிறுத்தலாமான்னு கேக்கறான்.”

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அதைக் கேட்டாள். சுண்ணாம்பு போதவில்லையா, பனி முன்கூட்டியே விழுந்துவிட்டதா, எதில் தவறினோம் என்று இரண்டு நாள் தன்னையே குடைந்துகொண்டாள். பிறகு ஊருக்குத் திரும்பிய அன்றே, பெட்டியைக்கூட இறக்காமல் கொல்லைக்குப் போனாள்.

லைல் பொய் சொல்லவில்லை. ரையின் தட்டை விரல்நுனி அளவு கூட இல்லை. டர்னிப் இருந்த இடத்தில் வெறும் கிழங்கின் தோள் மட்டும் மண்ணுக்கு மேல் நின்றது, பல் பட்ட தடத்தோடு. அப்போதுதான் தூர மூலை ஞாபகம் வந்தது. வாடிய பெரணிகளைத் தள்ளிக்கொண்டு போனாள். கூண்டுக்குள் ரை முழங்கால் உயரம். டர்னிப் இலைகள் வலைக் கண்களுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தன, நீட்டிய நுனிகள் மட்டும் கத்தரித்த மாதிரி.

மார்லிஸ் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். தாத்தாவின் கொல்லையில் பயிர் தோற்கவில்லை. ஊரிலுள்ள மானெல்லாம் வந்து பந்தியில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறது.

ஆனால் எழுந்து போனபின் வெறும் இலைக்கு யார் திரும்பி வருவார்கள்? சீசனுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. இந்தக் குளிரில் இனி விதைத்தாலும் விரல்நீளம் வராது. ஒரு வாரம் கழித்து லைல் வந்து சமையலறையில் உட்கார்ந்தான். அவள் செய்த கசகசா வைத்த கோலாச்சி ரொட்டியில் மூன்றாவதைப் பிட்டபடியே குரலைத் தாழ்த்தினான்.

“ஒரு மூட்டை மக்காச்சோளத்தை அள்ளி வீசிட்டு வாயேன். யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும்டா. நம்ம கவுண்டி சட்டத்துல அது தப்பு. கையால போட்டா அது தூண்டில் தீனி. வேரோட நின்னாத்தான் பயிர். வனக்காவலர் பொண்ணு ரெண்டும் எம் பஸ்ஸுல வந்ததுங்க, அந்த ஆள் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?”

“அப்ப என்னதான் பண்ணப்போற?”

“வெங்காயம் வாங்கப்போறேன்,” என்றாள் அவள். லைலுக்கு அது தோற்றவளின் பேச்சாகத்தான் கேட்டது.

நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை. குடிலில் காபி கொதிக்கையில் ஆறு வில்லைகள் ஆறு ஆணிகளில் ஏறின. மார்லிஸ் தன் வில்லையை அடுப்பு ஆணியிலிருந்து கழற்றிப் பலகையின் ஓரத்தில், ஆணி இல்லாத இடத்தில், ஒட்டுநாடா போட்டு ஒட்டினாள். டுவேன் புருவத்தைத் தூக்கினான்.

ரப்பர் காலணியோடு மெல்ல நடந்து தூர மூலைக்குப் போனாள். கையுறை போட்ட கையால் கூண்டின் முளைகளைப் பிடுங்கினாள். வலையை அப்படியே மேலே தூக்கிப் பெரணிக்குள் தூரமாய்க் கொண்டுபோய் வைத்தாள். கால் ஏக்கர் மொட்டைத் தரையின் மூலையில், முழங்கால் உயரத்தில், ஒரு மேஜை அளவு பச்சை நின்றது. முந்திய நாளே எடுத்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் தீர்ந்திருக்கும். இருபத்தாறு வருடம் சாப்பாடு பரிமாறியவளுக்கு எதை எப்போது திறந்து வைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பரணில் ஏறி உட்கார்ந்தாள். துப்பாக்கிக் குழலை அந்தப் பச்சையை நோக்கி மட்டும் வைத்தாள். வேறெங்கும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

வெளிச்சம் வந்தது. ஏழு மணி ஆனது. ஓடைப் பக்கம் ஒரு வெடி கேட்டது, அது டுவேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, அதுவும் டுவேன். இரண்டு தடவை சுட்டால் ஒன்றும் விழவில்லை என்று அர்த்தம். எட்டு மணி. கால்விரல்கள் இருக்கின்றனவா என்று சந்தேகமாக இருந்தது. எட்டேகாலுக்கு ஒரு பெண்மான் வந்து, மொட்டைத் தரையை முகர்ந்துவிட்டு, பச்சையை நிமிர்ந்து பார்த்தது. பழைய தீனி இவ்வளவு நாள் கம்பிக்குள் இருந்ததை மறக்கவில்லை போல. நேராக அங்கே போனது. அதன் பின்னாலேயே, கழுத்தை நீட்டிக்கொண்டு, ஆறு கிளைக் கொம்போடு ஒரு கலைமான்.

பெண்மான் ஓர் அடி விலகும்வரை காத்திருந்தாள். அப்புறம் ஒரே ஒரு வெடி.

முதலில் ஓடி வந்தவன் லைல். அடுத்து டுவேன், வெறுங்கையோடு. கலைமான் விழுந்து கிடந்த இடத்தையும், அதன் அருகே நின்ற பச்சையையும், மாறி மாறிப் பார்த்தான்.

“இது என்ன இது? தூண்டில் தீனி போட்டிருக்க நீ.”

“இழுத்துப் பாரு,” என்றாள் மார்லிஸ் பரணிலிருந்தே.

லைல் முட்டிபோட்டு ஒரு டர்னிப்பைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். மண்ணோடு, ஒரு முழம் வேரோடு, பின்னால் விழுந்து எழுந்தான். “அண்ணே,” என்றான், “இது தாத்தா மண்ணுலயே முளைச்சதுதான். நீ சுத்தியல எடுக்கறது நல்லது.”

டுவேன் கிழங்கை வாங்கிக் கத்தியால் சீவி ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டான். ரொம்ப நேரம் மென்றான். “இனிப்பா இருக்கே,” என்றான் கடைசியில், யாரிடமும் சொல்லாத மாதிரி.

அன்று மதியம் பலகையில் எட்டாவது ஆணி விழுந்தது. அதன் மேல் ‘உருளைக்கிழங்குக் கொல்லை’ என்று டுவேனே பென்சிலால் எழுதினான். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. சாயங்காலம் மார்லிஸ் காலுறையோடு நாற்காலியில் கால் நீட்டி, லைலோடும் சித்தப்பா பையன்களோடும் யூக்கர் சீட்டு ஆடிக்கொண்டிருந்தாள். தீய்ந்த பீன்ஸ் வாடை வந்தது.

“மார்லி,” என்று உள்ளேயிருந்து குரல். “வெங்காயம் எத்தனை போடணும்?”

“எல்லாருக்கும் போதற அளவு.”

“அது எத்தனை?”

அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: “அண்ணே, என் வில்லை எந்த ஆணில இருக்குன்னு பலகைய ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் கேளு.”